இரு நிறுவன சுவிட்சுகளுக்கிடையே ஸ்பானிங் ட்ரீ: என் அனுபவம்

நெட்வொர்க் சுவிட்சுகளுக்கிடையே ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் இருந்தால், தரவு சுற்றிச் சுழலாதபடி கூடுதல் பாதையை முடக்கிவைக்கும் நெறிமுறையே ஸ்பானிங் ட்ரீ. மைய சுவிட்சுகள் இரண்டும் ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு. அவற்றோடு இரு கேபிள்களால் இணைத்த மாடி சுவிட்ச் வேறொன்றின் தயாரிப்பு. வி-லான்களை (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்த மெய்நிகர் பிணையங்கள்) இன்ஸ்டன்ஸ் எனும் குழுக்களாக்கி, குழுவுக்கொரு பாதை தரும் ஸ்பானிங் ட்ரீ வகை எம்.எஸ்.டி.பி. வி-லான் 10–19 முதல் இன்ஸ்டன்ஸிலும் 20–29 இரண்டாவதிலும் இருக்குமாறு அதை அமைத்தும், எல்லாப் போக்குவரத்தும் ஒரே கேபிளில் சென்றது. மற்றது முடக்கப்பட்டே கிடந்தது.

கேபிளையும் அதன் முனையில் செருகும் எஸ்.எஃப்.பி. தொகுதியையும் மாற்றினேன். ரூட் (ஸ்பானிங் ட்ரீயின் தலைமை சுவிட்ச்) முன்னுரிமையை 4096 ஆக்கினேன். ரீஜியன் (ஒரே எம்.எஸ்.டி.பி. அமைப்பைப் பகிரும் சுவிட்சுகளின் தொகுதி) பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன், அந்த அமைப்பின் ரிவிஷன் எண்ணையும் பார்த்தேன். மூன்று நாட்கள் வீண்.

மைய சுவிட்ச், மாடி சுவிட்சோடு இணைந்த போர்ட்டை 'எல்லை' என்று காட்டியதை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். அந்த இரு சுவிட்சுகளும் வேறு வேறு ரீஜியன்களில் இருக்கின்றன என்பதே அதன் பொருள். இரண்டின் டைஜெஸ்ட் மதிப்புகளை (எந்த வி-லான் எந்த இன்ஸ்டன்ஸில் என்ற அட்டவணையின் சுருக்கக் குறி; ஒரே ரீஜியனில் இருக்க இதுவும் பொருந்த வேண்டும்) அருகருகே வைத்தபோது அவை பொருந்தவில்லை. 4096 இடங்கள் கொண்ட வி-லான் அட்டவணை முழுவதிலிருந்தும் அம்மதிப்பு கணக்கிடப்படுவதால், பயன்பாட்டில் இல்லாத வி-லானும் அதில் சேரும். மாடி சுவிட்சோ, இன்னும் உருவாக்கப்படாத 17, 18, 28 ஆகியவற்றை எந்த எச்சரிக்கையும் இன்றி இன்ஸ்டன்ஸில் சேர்க்காமல் விட்டுவிட்டிருந்தது (பிழைச்செய்தி ஒரு வரி வந்திருந்தால் போதும்).

அம்மூன்றையும் அதில் உருவாக்கி, இன்ஸ்டன்ஸ் வரிகளை மீண்டும் இட்டதும் டைஜெஸ்ட் ஒன்றானது. 'எல்லை' மறைந்து, இரு கேபிள்களும் போக்குவரத்தைப் பகிர்ந்துகொண்டன. நிம்மதியாக வீடு திரும்பினேன்.