வண்டியை ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டு முடிக்காதீர்கள்

போன மாதம் பல்லடம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில், நாலாம் வகுப்பின் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அட்டை, பாட்டில் மூடி, சீமாற்றுக் குச்சி வைத்துப் பிள்ளைகள் வண்டி செய்தார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லா வண்டியையும் சாய்வுப் பலகையில் ஒரு தடவை உருட்டி, தூரமாகப் போனதற்குக் கைதட்டினார்கள். பெல் அடித்தது. முடிந்தது.

18 வருடத்துக்கு முன்னால் நான் எடுத்த வகுப்பு அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது.

பசை கொட்டுவது, கத்தரிக்கோல் காணாமல் போவது எல்லாம் நாலு வகுப்பு எடுத்தால் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

கையால் தள்ளிவிடச் சொல்வது

ஒரு பிள்ளை மெதுவாகத் தள்ளும், இன்னொன்று வேகமாக உந்தும். அப்புறம் எந்த வண்டி நல்ல வண்டி என்று எப்படித் தெரியும்? பலகையின் உச்சியில் கோடு போட்டு, அங்கே வைத்துக் கையை எடுக்கச் சொல்லுங்கள். அடியில் நாலு நோட்டு வைத்தால் எல்லாருக்கும் நாலு நோட்டுதான்.

ஒரே ஒரு ஓட்டம்

இதைப் பற்றி எத்தனை பயிற்சிக் கூட்டத்தில் பேசினாலும் எனக்கு ஆறவில்லை.

அந்த வருடம் என் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பா அம்மா தறி ஓட்டுகிறவர்கள். ஒரு பெண் வீட்டிலிருந்து நூல் சுற்றி வரும் அட்டைக் கோன் ஒன்றைக் கொண்டுவந்தாள். நடுவில் குச்சியைச் செருகி, அதையே சக்கரமாக்கி, மேலே தீப்பெட்டி கட்டினாள். பலகையில் விட்டதும் அது நேராகப் போகாமல் வளைந்து போய்ப் பீரோ காலில் முட்டியது. "கோணக் கோணப் போவுது" என்று வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கோனைக் கையில் எடுத்து, பெரிய வாயையும் சின்ன வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இன்னொருக்கா உட்டுப் பாக்கறனுங் டீச்சர்."

"பெல் அடிச்சாச்சு கண்ணு, எடுத்து வை."

பாட்டில் மூடி வண்டி செய்த பையனுக்குப் பென்சில் பெட்டி கொடுத்தேன். மறுநாள் "உன் வண்டி ஏன் அப்படிப் போனது?" என்று எழுதச் சொன்னபோது அவள் எழுதியது ஒரே வரி: "என் வண்டி கெட்ட வண்டி."

அவள் கையில் இருந்தது அந்த வகுப்பிலேயே அருமையான கேள்வி. கோன் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு முனையும் ஒரே சுற்றுதான் சுற்றும். ஆனால் பெரிய வாயின் சுற்றளவு அதிகம். அந்தப் பக்கம் கூடுதல் தூரம் ஓடும். அதனால் வண்டி சின்ன வாய்ப் பக்கம் வளையும். இன்னொரு தடவை விட்டிருந்தால், கோனைத் திருப்பி வைத்து, இப்போது மறுபக்கம் வளைகிறதே என்று அவளே பிடித்திருப்பாள். அந்த ரெண்டு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

கலிலியோ சாய்வான மரக்கட்டையில் வெண்கலக் குண்டை உருட்டிப் பார்த்தார். 12 முழ நீளக் கட்டை. குண்டு தடையில்லாமல் உருள வேண்டும் என்று, கட்டையில் வெட்டிய பள்ளத்துக்குள் வழவழப்பான தோலை ஒட்டியிருந்தார். அதை நூறு தடவை செய்து பார்த்ததாக 1638-இல் அச்சான தன் நூலில் எழுதியிருக்கிறார். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு நாம் ஒரு தடவைதான் கொடுக்கிறோம்.

இப்போது நான் 40 நிமிடப் பாடவேளை இரண்டைச் சேர்த்து எடுக்கிறேன். செய்வதற்கு 20 நிமிடம். பெயின்ட் கிடையாது, ஜிகினா கிடையாது. அலங்காரம்தான் நேரத்தை விழுங்குகிறது. முதல் ஓட்டம். எங்கே நின்றது, எந்தப் பக்கம் திரும்பியது என்று தரையில் சாக்பீஸ் குறி. பிறகு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றலாம் என்று சொல்வேன். சக்கரத்தையும் எடையையும் பலகைச் சாய்வையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. மறுபடி ஓட்டம், மறுபடி குறி. மூன்றாவதுக்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில்தான் பிள்ளைகள் வண்டியை விடுவதற்கு முன்பே "இது இங்க வரைக்கும்தான் போகும்" என்று விரல் வைத்துக் காட்டுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு இன்னொரு பையனின் கோனும் அதே மாதிரி வளைந்தது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அவன் பக்கத்துப் பிள்ளையிடம் இன்னொரு கோனைக் கேட்டு வாங்கி, சின்ன வாயோடு சின்ன வாயை வைத்து நூலால் கட்டினான். பார்க்க உடுக்கை மாதிரி இருந்தது. கோடு போட்ட மாதிரி நேராகப் போனது.

உராய்வைக் கெட்டதாக்குவது

"உராய்வு வண்டியை நிறுத்தும்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், பிள்ளைகள் சக்கரத்தின் மேல் செல்லோடேப் ஒட்டி வழவழப்பாக்கிவிடுவார்கள். ரப்பர் பேண்டு முறுக்கி ஓடும் வண்டி அப்போது நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றும். அச்சுக்கு உராய்வு குறைய வேண்டும், தரையில் படும் இடத்தில் பிடிப்பு வேண்டும். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிச் சக்கரத்தில் மாட்டச் சொல்லுங்கள். அவிநாசித் தேருக்கு முட்டுக்கட்டை போடுவதைப் பார்த்த பிள்ளைக்கு, உராய்வால் என்ன லாபம் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

"விசை தீர்ந்து போச்சு"

சொல்லாதீர்கள். விசை வண்டிக்குள் பெட்ரோல் மாதிரி இருக்கிறது என்று பிள்ளை நம்பிவிடும். "எது இதைப் பிடித்து நிறுத்தியது?" என்று கேளுங்கள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது

மறுநாள் பேரிங் வைத்த வண்டி வரும். செய்தது லேத் பட்டறை அப்பா.

பரிசு

வேண்டாம்.

பொருள்

கடையில் கிட் வாங்க வேண்டியதில்லை. பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்கூடத்தில் கேட்டால் காலிக் கோன் கொடுப்பார்கள். வாய் நசுங்காததாகப் பார்த்து எடுங்கள். பிள்ளைக்கு ஒன்று என்று எண்ணாமல், இரண்டாகவே கேட்டு வாங்குங்கள்.