ஏரியிலேயே பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்

மலை ஏரிகளையும் கைவிடப்பட்ட சுரங்க ஊரையும் ஒரே நாளில் குழுவாகப் பார்க்கப் போகிறீர்களா? தண்ணீர் விஷயத்தில் மிகக் கண்டிப்பாக இருங்கள். சுரங்கத்துக்கு மேலே உள்ள ஏரியிலேயே எல்லோருடைய பாட்டில்களையும் நிரப்பி, வழக்கம்போலச் சுத்திகரித்துக்கொள்ளுங்கள்.

சுரங்கத்தைத் தாண்டி வரும் ஓடை கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். குனிந்து பார்த்தால் கற்களின் மேல் ஆரஞ்சு நிறத்தில் துருப்போல ஒரு படலம். பைரைட் என்ற இரும்புக் கனிமம் காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து அமிலத்தை உண்டாக்குவதன் அடையாளம் அது. அந்த நீரில் ஆர்சனிக், ஈயம் போன்றவையும் கலந்திருக்கலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; ஆர்சனிக் அப்படியேதான் இருக்கும். படலம் இல்லை என்பதற்காகவும் நம்பிவிடாதீர்கள்.

சுரங்கக் கழிவு மேடுகளில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். அந்தத் தூசியும் ஆபத்தானதுதான். சுரங்க வாய்க்குள் ஓரடிகூட வைக்காதீர்கள். உள்ளே ஆக்சிஜன் குறைந்திருந்தால் மூக்குக்குத் தெரியாது.

நேரக் கணக்குக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் சொன்ன விதி இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக இன்னொரு மணி நேரம். இது ஓய்வில்லாத நடைக்கான கணக்கு. குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, அவருடைய வேகத்துக்கு ஏற்பத் திரும்பும் நேரத்தைக் காலையிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.