பொய்தான் வண்டி மாடு: பாட்டும் சிரிப்புமான காதல் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் நாலைந்து பேர் கூடிக் கதை பேசுவோம். வருகிறவர்கள் எல்லாம் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்கள், அல்லது தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு (பட்டணக் குடியிருப்புக்கு) குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு டெலிமூவியாவது எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. யாரிடம் கதை கேட்டாலும் முதலில் காதல், அப்புறம் காமெடி, அப்புறம் "நாலு நல்ல பாட்டு அண்ணே". முதல் இருபது பக்கம் சிரித்துக்கொண்டே படிக்கலாம். முப்பதாம் பக்கத்தில் கதை சேற்றில் இறங்கிய செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை லாரி மாதிரி நின்றுவிடும்.

ஏன் நிற்கிறது என்று பல ஸ்கிரிப்டுகளைப் பார்த்தபிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்த வகைப் படத்தில் வண்டியை இழுக்கும் மாடு பொய்தான். காதல் வண்டியில் ஏறி உட்கார்ந்து வருகிறது, பாட்டு மாட்டின் கழுத்து மணி. நம் பிள்ளைகள் காதலுக்கு எழுதுகிறார்கள், மணிக்கு எழுதுகிறார்கள், மாட்டுக்குத் தீனி வைக்க மறந்துவிடுகிறார்கள்.

பழைய படங்களைப் பாருங்கள். 1955-இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வில் வேலை கிடைக்காத ஓர் ஆணும் ஒரு பெண்ணும், பள்ளிக்கூட வேலைக்காகக் கணவன் மனைவி என்று சொல்லிக்கொண்டு ஊர் போய்ச் சேருகிறார்கள். 1964-இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யில் எஸ்டேட் வேலை பறிபோன இளைஞன், முதலாளி மகளைக் கட்டிக்கொள்ளத் தன்னைக் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை என்கிறான். சொன்ன பொய்க்குச் சாட்சியாக நண்பனுக்கே கிழவர் வேஷம் போட்டு அப்பாவாக்கிக் கூட்டிவருகிறான். 1981-இல் பாலசந்தரின் 'தில்லு முல்லு'வில் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, மீசை இல்லாத ஓர் இரட்டைச் சகோதரனையே ஒருவன் உண்டாக்குகிறான்.

மூன்று பொய்க்கும் பின்னால் நிற்பது ஒன்று: வேலை. வயிற்றுப்பாட்டை ஒட்டி வந்த பொய் என்பதால் பார்க்கிறவர்கள் உடனே மன்னித்துவிடுகிறார்கள். மன்னித்தபிறகுதான் சிரிப்பு வரும்.

நம்மிடம் வரும் கதைகளில் நாயகன் பெரும்பாலும் "சும்மா விளையாட்டுக்கு" பொய் சொல்கிறான், அல்லது நண்பர்களிடம் பந்தயம் கட்டிவிட்டுச் சொல்கிறான். அது மாட்டிக்கொண்டால் அவனுக்கு என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. அப்படியானால் மாட்டிக்கொள்ளாமல் தப்பிப்பதைப் பார்க்க நாம் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்?

ஊர் தாங்காத பொய்

இது தோட்டத்துப் பட்டணக் கதைகளுக்கே உரிய தவறு. சென்னைப் படத்திலிருந்து பொய்யைக் கொண்டுவந்து அப்படியே இங்கே இறக்கிவிடுகிறார்கள். ஒரு ஸ்கிரிப்டில் நாயகன் தான் பிறந்து வளர்ந்த பட்டணத்திலேயே தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டு இரண்டு மாதம் திரிகிறான். இங்கே அது இரண்டு மணி நேரம் தாங்காது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கடலை வாங்க நின்றால் போதும், ஏதாவது ஓர் ஆயா (பாட்டி) நிறுத்திக் கேட்பார்: "ஏய், நீ மண்டோர் வீட்டுப் பேரன்தானே? ஒங்கப்பாவுக்கு இடுப்பு வலி தேவலையாடா?" டாக்டர் கதை அங்கேயே முடிந்தது.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஊரால் சரிபார்க்க முடியாத பொய்யைத் தேர்ந்தெடுக்கலாம்: கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ என்ன வேலை செய்கிறான் என்பது போல. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. ஊருக்கே உண்மை தெரியும், பெண்ணின் அப்பா ஒருவருக்கு மட்டும் தெரியாது. ரொட்டி சானாய் போடுகிறவரிலிருந்து கோயில் பூசாரி வரை எல்லாரும் அந்தப் பொய்யைக் காவல் காக்கிறார்கள். ஆயாவின் வாயை யார் அடைப்பது என்பதே ஒரு முழு சீன்.

பணக்கார அப்பாவையும் இப்படியே யோசிக்காமல் இறக்கிவிடுகிறார்கள். 'எஸ்டேட் முதலாளி மகள்' என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். தம்பி, இங்கே எந்த எஸ்டேட் முதலாளி மகளோடு பங்களாவில் உட்கார்ந்திருக்கிறார்? வெள்ளைக்காரக் கம்பெனிகள் இருந்தன, துரைமார் சம்பளத்துக்கு வந்து போனார்கள். பிறகு தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், இதே ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளே பணம் போட்டுத் தோட்டம் வாங்கினார்கள். பையன் வீட்டுத் தாத்தாவும் பெண் வீட்டுத் தாத்தாவும் ஒரே சங்கத்தில் பங்குதாரர்கள், ஆண்டுக்கூட்டத்தில் போட்ட சண்டை இன்னும் தீரவில்லை என்று வைத்துப் பாருங்கள். பங்களா தேவையே இல்லை. இங்கே முறைக்கிற அப்பா சாப்பாட்டுக்கடை வைத்திருப்பார், கல்யாணங்களுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுவார், அல்லது கோயில் தலைவராக இருப்பார். மூன்றையும் ஒருவரே செய்பவரும் உண்டு, அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பாட்டு வந்தால் கதை தூங்குகிறது

கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு மணி நேரப் படத்தில் ஆறு பாட்டு, ஒவ்வொன்றும் 4 நிமிடம் என்றால் 24 நிமிடம். படத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த 24 நிமிடமும் இருவரும் கேமரன் மலைத் தேயிலைக்கு நடுவே கை வீசி நடந்தால், ஐந்தில் ஒரு பங்கு படம் எடுக்கவே இல்லை என்று அர்த்தம். கேமரன் மலை எங்களுக்குக் கிட்ட இருப்பதால் இந்த நோய் இங்கே கொஞ்சம் அதிகம்.

பாட்டு என்ன வேலை செய்ய முடியும் என்பதற்கு ஏ.பி. நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) போதும். நாயனக்காரருக்குக் கையில் காயம். அவரை மேடையில் பார்க்கிறாள் மோகனா. சபை நிறைய ஆள், வாய்விட்டுக் கேட்க முடியாது. நலம் விசாரிப்பதையே பாட்டாக ஆடிக் கேட்கிறாள். வசனத்தில் சொல்ல வழியில்லாததைச் சொல்லத்தான் அங்கே பாட்டு வருகிறது. 'காதலிக்க நேரமில்லை'யிலும் வேலை கேட்டு முதலாளி வீட்டு வாசலில் கூடாரம் அடித்துப் பாடுகிறார்களே, அது மறியல். முதலாளிக்கு ஏறும் கோபம் கதைக்கு வரவு.

நான் சொல்லும் பரீட்சை இது: பாட்டுக்கு முன்னால் நிலைமை என்ன என்று ஒரு வரி எழுதுங்கள், பாட்டுக்குப் பின்னால் என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டும் ஒரே வரியாக இருந்தால் பாட்டை யூடியூபில் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி இந்தப் பரீட்சையில் தோற்றுப்போய்த் திரும்பி எழுதிக்கொண்டு வந்தான். அவன் கதையில் பையன் பகலில் செம்பனைக் குலை ஏற்றுகிறான், ராத்திரியில் கல்யாண விருந்துகளில் கீபோர்டு வாசிக்கிறான். பெண்ணின் அப்பா சாப்பாட்டுக்கடைக்காரர். மூத்த மகள் கல்யாணத்துக்கு ஓர் இசைக்குழு முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் போனதிலிருந்து வாத்தியக்காரன் என்றாலே அவருக்கு ஆகாது. அதனால் பையன், ஈப்போவில் கணக்கராக வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறான். முதல் பிரதியில் இவ்வளவையும் கட்டிவிட்டு, இருவரையும் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தான்.

இரண்டாம் பிரதியில் பையனுக்குப் பிறந்தநாள். மத்தியானம், கடையில் நல்ல கூட்டம், பையன் வருங்கால மாமனாருக்கு எதிரே வாழையிலை முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பெட்டியடிக்கு மேலே ரேடியோவில் மின்னல் எஃப்.எம். வாழ்த்து நேரம். அவன் அம்மா போனில் வந்துவிடுகிறார். மகன் பேர், தோட்டத்துப் பேர் எல்லாம் சொல்லி, "கீபோர்டு வாசிக்கிற என் தங்கத்துக்கு" என்று ஆரம்பிக்க, கடையில் தண்ணீர் (டீ, ஜூஸ்) கலக்குகிறவன் சட்டென்று பிளெண்டரைப் போட்டுவிடுகிறான். அவனுக்கு உண்மை தெரியும். அப்பா, "அதை நிப்பாட்டுடா, யார் புள்ளைன்னு கேப்போம்" என்கிறார். பாட்டு தொடங்குகிறது. அறிவிப்பாளர் பாட்டு முடிந்ததும் பேரைத் திரும்பச் சொல்வார். ஆக, பையனுக்கு இருப்பது 4 நிமிடம், அந்த ரேடியோவை எப்படியாவது வாயடைக்க வேண்டும். அப்பாவுக்கோ அந்தப் பாட்டு உயிர். கூடவே பாடுகிறார், இவனையும் பாடச் சொல்கிறார். கணக்கருக்குச் சுருதி சுத்தமாக நிற்கிறது. அவர் இலையிலிருந்து தலையை நிமிர்த்தி இவனைப் பார்க்கிறார்.

எழுந்து கை தட்டினேன். பாட்டும் பொய்யும் ஒரே கயிறாக முறுக்கிக்கொண்டால் இப்படித்தான் இருக்கும். இசைப் படம் என்றால் பொய்யும் இசையைப் பற்றியதாக இருந்துவிடுவது பெரிய சௌகரியம், ஒவ்வொரு பாட்டும் தானாகவே ஆபத்தாகிவிடும்.

நடுவில், ஓரத்தில்

சில தவறுகளுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. தமிழ்ப் படத்துக்கு இடைவேளை உண்டு என்று பழகியதால், நடுவில் ஓர் அதிர்ச்சியை வைத்துவிட்டு, அடுத்த சீனில் ஒன்றுமே நடக்காதது போலத் தொடங்குகிறார்கள். நம் அரங்குகளில் திரையில் 'இடைவேளை' என்று எழுத்து வந்து போகும், விளக்கு எரியாது, யாரும் எழுந்து போக மாட்டார்கள். பத்து நிமிடத்தில் ஆறிப்போகட்டும் என்று நீங்கள் விட்ட அதிர்ச்சி ஆறவே ஆறாது. நடுவில் பொய்யின் தன்மை மாற வேண்டும்: அதுவரை பையன் தனக்காகச் சொன்ன பொய், இனிமேல் பெண்ணும் சேர்ந்து சொல்லும் பொய் என்பது போல.

பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'மிஸ்ஸியம்மா'வில் அவளும் பொய்யில் சமபங்கு, அதனால் அவள் வரும் சீன் எல்லாம் உயிரோடு இருக்கிறது. பெண்ணுக்கு ஏமாறுவதைத் தவிர வேறு வேலை கொடுக்காவிட்டால், கடைசியில் அவள் அழுவதும் மன்னிப்பதும் தவிர என்ன செய்வாள்?

காமெடி நண்பன் தனி டிராக்கில் ஓடுவது இன்னொன்று. கங்கை அமரனின் 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழம் என்றதும் எல்லாருக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் கவுண்டமணியும் செந்திலும் அந்தக் கரகாட்டக் குழுவில் இருக்கிறார்கள், குழு கவிழ்ந்தால் அவர்கள் பிழைப்பும் போய்விடும். உங்கள் நண்பனுக்குப் பொய்யில் என்ன பங்கு? மேலே சொன்ன கதையில் தண்ணீர் கலக்குகிறவனுக்கு வேலையே போய்விடும். பிளெண்டர் சிரிப்பாவது அதனால்தான்.

கடைசி அரை மணி நேரம்

இங்கேதான் நானும் விழுந்தேன். பல வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய காதல் காமெடியில் கடைசியில் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும், ஒரு தாத்தா இறப்பார், ஒரு கேங்ஸ்டர் பாராங் கத்தியோடு வருவான். ஒரு தொலைக்காட்சி நிறுவனம் ஒற்றை வரியில் திருப்பி அனுப்பியது. அப்போது கோபம் வந்தது. இப்போது படித்தால், சிரிக்க வந்தவர்களை நடுராத்திரியில் இறக்கிவிட்ட பஸ் மாதிரி இருக்கிறது. நோட்டீஸ் வரக்கூடாது என்று சொல்லவில்லை. வருவதாக இருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே சிரிப்போடு சிரிப்பாக அது காதில் விழுந்திருக்க வேண்டும்.

மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லியின் 'இபு மெர்துவாக்கு' (1962) தெரிந்தே அந்தப் பாதையில் போகிறது. ரேடியோவில் கேட்ட இசையில் மயங்கிப் பணக்காரப் பெண் ஒருத்தி காதலிக்கிறாள், வாத்தியக்காரன் என்றால் அவள் அம்மாவுக்கு இளக்காரம். முதல் பகுதியில் சிரிக்கலாம். போகப் போகக் கண்பார்வை போகும் அளவுக்குத் துயரம். அவர் துயரக் கதைதான் சொல்ல நினைத்தார், சொன்னார். நாம் காமெடி என்று டிக்கெட் விற்றுவிட்டு அதைச் செய்ய முடியாது.

பிரிவுக்குக் காரணமாக ஒரு தப்பான புரிதலை வைப்பதும் இப்போது செல்லாது. ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவில் தீரும் சண்டைக்காக யாரும் அரை மணி நேரம் காத்திருக்க மாட்டார்கள். செம்பனைக்குள்ளே லைன் கிடைக்கவில்லை என்று ஒரு தடவை சொல்லலாம், இரண்டாம் தடவை சொன்னால் அரங்கில் பின்வரிசை சத்தம் போடும். பிரிவு பொய்யிலிருந்தே வரட்டும். பொய்யை வேறு யாரோ வந்து போட்டுக்கொடுப்பதை விட, சொன்னவனே தன் கையால் உடைக்கும்படி கொண்டுவாருங்கள். உண்மை வெளியே வந்தால் எவ்வளவு போகும் என்று தெரிந்தும் உடைக்க வேண்டும்.

கீபோர்டு தம்பி இதை எப்படி முடித்தான் என்றால், மண்டபத்தில் வேறொருவர் கல்யாணம், சமையல் பொறுப்பு மட்டும் நாயகியின் அப்பாவுடையது. இசைக்குழுவில் கீபோர்டுக்காரன் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சத்தம் போடுகிறார்கள், முன்பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டான் என்று. மூத்த மகள் கல்யாணத்தில் தான் பட்டது அப்பாவுக்கு ஞாபகம் வருகிறது. "யாருக்காவது வாசிக்கத் தெரியுமாப்பா?" என்று அவரே கேட்கிறார். பந்தியில் சட்டையை உள்ளே விட்டு, பேனா சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணக்கர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போகிறான். கடையில் அன்றைக்கு ரேடியோவில் கேட்ட அதே மெட்டு. அப்பா ரசவாளியைக் கீழே வைக்கிறார்.

அந்த இடத்தில் அப்பாவுக்கு முக்கால் பக்க வசனம் எழுதியிருக்கிறான். வாளிச் சத்தம் போதும், எடுத்துவிடு என்று மூன்று சனிக்கிழமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலையை ஆட்டுகிறான், எடுத்தபாடில்லை.