குழந்தைகளின் வரையும் சாமான்களை அடுக்குவது எப்படி?

முதல் தடவை நான் இதைச் செய்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பென்சில், கிரேயான், ஸ்கெட்ச் பென் எல்லாவற்றையும் நிறவாரியாகப் பிரித்துக் கண்ணாடி பாட்டில்களில் நிறுத்தி வைத்தேன், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. புதன்கிழமைக்குள் எல்லாம் பழையபடி தரையில். பிள்ளையைத் திட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: எடுப்பது யாருக்கும் வரும், திரும்ப வைப்பதுதான் பாடு. நீலப்பச்சையை நீலத்தில் போடுவதா பச்சையில் போடுவதா என்று ஆறு வயசுப் பிள்ளை நின்று யோசித்துக்கொண்டிருக்காது, கீழே போட்டுவிட்டுப் போய்விடும். அதனால் கீழே உள்ள எல்லாப் படிகளும் திரும்ப வைப்பதை மனதில் வைத்துத்தான்.

படி 1: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள்

ஒரு பழைய போர்வையை விரித்து, பள்ளிப் பையின் மூலை, சோஃபா இடுக்கு எதையும் விடாமல் கொண்டுவந்து கொட்டுங்கள். ஒவ்வொரு ஸ்கெட்ச் பென்னையும் ஒரு தாளில் கிறுக்கிப் பாருங்கள் (இந்த வேலையைப் பிள்ளையிடமே கொடுத்துவிடலாம், குஷியாகச் செய்யும்). காய்ந்துபோனதை உடனே தூக்கிப் போட வேண்டாம். தண்ணீரில் கரையும் மை உள்ளதாக இருந்தால் நுனியை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நொடி நனைத்து, மூடி, ஒரு ராத்திரி விட்டால் சிலது பிழைத்துக்கொள்ளும். பிழைக்காதது குப்பைக்கு.

உடைந்த கிரேயான் துண்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் துண்டை முழுக்கையால் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடிக்க வேண்டும், எழுதப் பழகும் கைக்கு அது நல்லதுதான். (ஆனால் எதையும் வாயில் போடும் வயதென்றால் பெரிய கிரேயான் மட்டும்.) சீவச் சீவ முனை விழுந்துகொண்டே இருக்கும் கலர் பென்சிலுக்குப் பெரும்பாலும் எங்கேயோ கீழே விழுந்து உள்ளே இருக்கும் வண்ணக்குச்சி உடைந்திருக்கும், அதோடு மல்லுக்கட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

படி 2: இரண்டாகப் பிரியுங்கள்

கேட்காமல் எடுக்கலாம், கேட்டுத்தான் எடுக்கணும். இவ்வளவுதான் பிரிவு. சுவரில் பட்டால் ஈரத்துணிக்கு அடங்குமா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானவை எந்தப் பக்கம் என்று தானே தெரிந்துவிடும். பென்சில், கிரேயான், துவைத்தால் போகும் ஸ்கெட்ச் பென், தாள், முனை மழுங்கிய கத்தரிக்கோல் எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில். அழியாத மார்க்கர், அக்ரிலிக் பெயின்ட், கூரான கத்தரிக்கோல், கிளிட்டர் எல்லாம் மேலே. அக்ரிலிக் ஈரமாக இருக்கும்போது தண்ணீரில் போகும், காய்ந்ததும் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும், அப்புறம் அந்தச் சட்டை பெயின்ட் சட்டைதான். கிளிட்டரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே இன்னொரு குழந்தை இருந்தால் மணி, பொத்தான், சின்ன மூடி எதுவும் கீழ்த்தட்டில் இருக்கவே கூடாது, தொண்டையில் சிக்கும்.

படி 3: டப்பாக்கள்

முதலில் டப்பா வாங்கப் போகாதீர்கள். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியே போதும், ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்கலாம். ஒரு வகைக்கு ஒரு டப்பா, நிறம் பார்க்க வேண்டாம், வாய் அகலமாக இருக்கட்டும், தினமும் எடுப்பதற்கு மூடியே வேண்டாம். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு, டப்பாவின் முன்னால் அந்தச் சாமானின் படத்தை அதன் கையாலேயே வரைந்து ஒட்டச் சொல்லுங்கள். ஸ்கெட்ச் பென்களைப் படுக்க வையுங்கள், நுனி மேலே பார்த்து நின்றால் மை கீழே இறங்கி நுனி காய்ந்துவிடும்.

இறுக்கமான மூடி தேவைப்படுவது க்ளேவுக்கும் பெயின்ட்டுக்கும்தான்.

படி 4: ஈரமானவை

அதிகம் பாழாவது இங்கேதான். பிரஷ்ஷைத் தண்ணீர் டம்ளரில் தலைகீழாக ஊறப்போட்டுவிட்டுப் போவது எல்லார் வீட்டிலும் நடக்கும். மறுநாள் முடி ஒரு பக்கமாக வளைந்திருக்கும், உலோகப் பூணுக்குள் தண்ணீர் இறங்கிப் பசை விட்டுப்போயிருக்கும், அதற்கப்புறம் வரையும் ஒவ்வொரு வானத்திலும் இரண்டு முடி ஒட்டிக்கொண்டிருக்கும். வரைந்து முடித்ததும் கொஞ்சம் சோப்பு போட்டுக் கழுவி, விரலால் நுனியைக் கூர்மையாக்கி, ஒரு துணிமேல் படுக்கவைத்துக் காயவிடுங்கள், முழுக்கக் காய்ந்த பிறகு முடி மேலே இருக்கும்படி டம்ளரில் நிறுத்தலாம். வாட்டர் கலர் பெட்டியையும் ஈரத்தோடு மூடக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். போஸ்டர் கலர் புட்டிக்கு நேர்மாறு: விளிம்பைத் துடைத்துவிட்டு இறுக்க மூட வேண்டும், விளிம்பில் பெயின்ட் காய்ந்தால் மூடி சரியாக உட்காராது, உள்ளே இருப்பதும் கட்டியாகிவிடும். புட்டிக்குள் நேராகப் பிரஷ்ஷை விடாமல், வேண்டியதை மட்டும் ஒரு பழைய மூடியில் எடுத்துக் கொடுங்கள்.

படி 5: தாளும், வரைந்த படங்களும்

வெள்ளைத்தாள் ஒரு தட்டில், ஒரு பக்கம் எழுதிய தாள் இன்னொன்றில். பெரிய படங்களுக்கு ஏ3 அளவு ஃபைல் ஒன்று வையுங்கள். ஏ3 என்பது 297 × 420 மி.மீ., ஏ4 மாதிரி இரண்டு மடங்கு, அதனால் மடிக்காமல் இரண்டும் அதில் அடங்கும். ஃபைல் நிரம்பியதும் எது இருக்கட்டும், எது போகட்டும் என்று பிள்ளையே முடிவு செய்யட்டும், போவதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாமல் நீங்களே போட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், குப்பைத் தொட்டியில் தன் யானையைப் பார்த்த பிள்ளையைச் சமாதானப்படுத்த எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது.

படி 6: பாதியை ஒளித்து வையுங்கள்

இருக்கும் எல்லாவற்றையும் வெளியே வைக்க வேண்டாம். பாதியை மேலே எடுத்துவைத்து, சில வாரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், பழைய கிரேயான்கூட புதுசாகத் தெரியும். எடுத்து வைப்பதற்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

கடைசியாக, அலமாரி ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணம். மூடி தொலைந்த பேனாவும், பேனா தொலைந்த மூடியும் அதில் போகட்டும். எப்படியும் இரண்டு நாளில் ஒன்றையொன்று கண்டுபிடித்துவிடும்.