40 ஏக்கரில் ஒரு நகர் போடுகிறவருக்கு

மனைப்பிரிவு வரைபடம் போடுவது என் தொழில். செங்கல்பட்டுப் பக்கம் 31 ஆண்டுகளாக இதையே செய்கிறேன். நிலம் வாங்கியவர் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மனை விழும், சார்?" என்பதுதான். நான் ஒரு மாதம் கழித்துத்தான் பதில் சொல்வேன். மனையைக் கடைசியில் வரைய வேண்டும். விற்க முடியாதவை எல்லாம் முதலில் தாளில் ஏறட்டும், மிஞ்சியதை வெட்டிக்கொள்ளலாம்.

மழைத்தண்ணீரில் தொடங்குங்கள். சிட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவைக் காட்டும் புலப்படத்தையும், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை, களம் என்று புறம்போக்காகப் பதிவாகியிருக்கும் துண்டுகளை ஒவ்வொன்றாக வண்ணம் தீட்டுங்கள். எங்கள் மாவட்டம் ஏரி மாவட்டம். புலம் நஞ்சை என்று இருந்தால் பெரும்பாலும் மேலே எங்கோ ஓர் ஏரியும் மதகும் இருக்கும். அந்த ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். ஏரி நிரம்பினால் தண்ணீர் வெளியேறுவது அங்கேதான். ஊரில் நீர்க்கட்டியாக, அதாவது வயல்களுக்கு ஏரித் தண்ணீர் திறந்துவிடுகிறவராக, இருந்த பெரியவர் யாராவது இருந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, நிலத்தின் குறுக்கே உங்களோடு நடக்கச் சொல்லுங்கள். அவர் நின்று யோசிக்கும் இடங்களில் எல்லாம் ஒரு குச்சி நடுங்கள்.

இதை நான் தொடக்கத்திலிருந்தே செய்யவில்லை. 2009-ல் வரைந்த ஒரு மனைப்பிரிவில், புலப்படத்தில் நூல் மாதிரி ஒரு வாய்க்கால் ஓடியது. நேரில் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்த வெறும் பள்ளம். அதை ரோட்டின் ஓரத்தோடு சேர்த்து, ஓர் அடிக் குழாய் போட்டால் போதும் என்று குறித்துவிட்டேன். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குழாய் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் வடிந்த பிறகு போனேன். நனைந்த மெத்தையை மாடிக் கைப்பிடியில் உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மா, "இங்கே வாய்க்கால் இருந்ததாமே, சார்?" என்று கேட்டார். இருந்தது என்றேன். மூடியது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆகவே வாய்க்காலை அதன் பழைய அகலம் குறையாமல், தூர்வாரும் இயந்திரம் வந்து நிற்க ஒரு பக்கம் இடம் விட்டு வரையுங்கள். நிலம் முழுவதும் லெவல் எடுக்கச் சொல்லுங்கள். தாழ்ந்த மூலைக்கு ஒரு குளம். அதன் பிறகுதான் ரோடுகள்.

அடுத்தது பரப்புக் கணக்கு. 40 ஏக்கரில் ரோடுகளுக்கு 30 சதவீதம் போனால் 28 ஏக்கர் மிஞ்சும். பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டதால், ரோடு நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானம் கொடுத்தே ஆக வேண்டும். ஓ.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், இடத்துக்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. இங்கே திறந்தவெளி 2.80 ஏக்கர். பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான சிறு மனைகளுக்கு இன்னொரு 10 சதவீதம். பொதுப் பயன்பாட்டுக்கு 1 சதவீதம், அதாவது 28 சென்ட். பாதி மின்வாரியத்துக்கு, பாதி உள்ளாட்சிக்கு. மீதியில் 1,200 சதுர அடி மனைகளாக வெட்டினால் ஏறத்தாழ 800 விழும். முதல் கேள்விக்குப் பதில் இது.

மனையை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். மனைப்பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டடம் கட்ட விதி அனுமதிக்கிறது. கீழே வீட்டுக்காரர், மேலே வாடகைக்காரர் என்றுதான் நம் ஊர் வளரும். சிறு மனைகளையும் சேர்த்தால் 7,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. ஒன்பதரை லட்சம் லிட்டர் வருகிறது. 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் தினமும் 80 நடை. அதில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வரும். "ஒவ்வொரு வீட்டிலும் போர் போட்டுக்கொள்வார்கள், செப்டிக் டேங்க் கட்டிக்கொள்வார்கள்" என்று சொல்லும் புரோக்கரிடம் ஒன்று கேளுங்கள்: அரை கிரவுண்டு மனையில் போருக்கும் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்குக்கும் நடுவே எத்தனை அடி இருக்கும்? மேல்நிலைத் தொட்டிக்கு உயரமான இடம், சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தாழ்ந்த இடம், இரண்டையும் மனை வெட்டும் முன்பே குறித்துவிடுங்கள். ரோடு போடும்போதே குழாயும் புதையட்டும்.

இப்போது பள்ளிக்கு வாருங்கள். நாடு முழுவதற்குமான நகர்த் திட்ட வழிகாட்டுதல் 2,500 பேருக்கு ஒரு மழலையர் பள்ளி, 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி என்று சொல்கிறது. தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டு இடத்தோடு சேர்த்து ஓர் ஏக்கர் வேண்டும். விதிப்படி உள்ளாட்சிக்கு நீங்கள் கொடுப்பதோ 14 சென்ட். இந்த இடைவெளியை எந்தச் சட்டமும் உங்களுக்காக நிரப்பாது; நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் நெய்வேலியில் வளர்ந்தவன். அங்கே நகரின் ஒவ்வொரு பிரிவையும் வட்டம் என்பார்கள்; எங்கள் வட்டத்துக்குள்ளேயே பள்ளி இருந்தது. செருப்பில்லாமல் கூட நடந்து போய்விடலாம். முழு நகரும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால் அது எளிது. உங்களுக்கு நான் சொல்வது வேறு: புதுப் பள்ளிக்கு இடம் தேடும் முன், பக்கத்து ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். அங்கே இடம் இருந்து பிள்ளைகள் குறைந்துகொண்டிருக்கலாம். இரண்டு வகுப்பறையும் கழிப்பறையும் கட்டிக் கொடுத்து, உங்கள் நகரிலிருந்து அதுவரை வெளிச்சமுள்ள ஒரு நடைபாதை போட்டால், ஓர் ஏக்கர் மிச்சமாகும்; பழைய ஊருக்கும் உங்கள் மேல் கோபம் குறையும்.

மயானத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. ஒரு புது நகரில் முதல் சாவு விழுந்த அன்று அந்த வீட்டுப் பிள்ளை எனக்குத் தொலைபேசி செய்து, "படத்தில் எங்கேயாவது காட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். காட்டவில்லை. ஊர் மயானத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்று ஏற்கெனவே ஒரு சாதிக் கணக்கு இருந்தது. வந்தேறிகளுக்கு அதில் இடமில்லை என்றார்கள். கடைசியில் வெகுதூரத்திலிருந்த மின்மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். மனை விற்கும் முன்பே ஊராட்சித் தலைவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மயானத்துக்குப் பாதையும் தண்ணீர்த் தொட்டியும் தகனக் கொட்டகையும் உங்கள் செலவு என்று ஒப்புக்கொண்டு, எல்லோருக்கும் உரிமை உண்டு என்று தீர்மானம் எழுதி வாங்குங்கள்.

பஸ் நகருக்குள் வர வேண்டுமானால் அது திரும்ப ஏறத்தாழ 80 அடி விட்டத்தில் ஓரிடம் வேண்டும். அந்த இடத்தை ஒட்டியே ரேஷன் கடை, அங்கன்வாடி, இஸ்திரி வண்டி, டீக்கடைக்கு நிழல் எல்லாம் வரட்டும். முகப்பு வளைவு கட்டியே தீருவேன் என்றால், தீயணைப்பு வண்டி நுழையும் உயரத்திலாவது கட்டுங்கள். பூங்காவை நடுவில் வையுங்கள். மூலையில் கோணலாக மிஞ்சிய துண்டைப் பூங்கா என்று எழுதாதீர்கள். சிறு மனைகளையும் கடைக்கோடியில் தள்ளாதீர்கள்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண் வாங்காமல் விளம்பரப் பலகை கூட வைக்கக் கூடாது; வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். இதெல்லாம் உங்கள் ஆடிட்டருக்குத் தெரியும். அவருக்கும் பல நேரம் தெரியாதது ஒன்று: ரோட்டையும் பூங்காவையும் தானப் பத்திரம் பதிந்து கொடுத்ததோடு வேலை முடியவில்லை. வருவாய்க் கணக்கில் பட்டா பழைய பெயரிலேயே கிடந்தால், இருபது ஆண்டு கழித்து ஒரு வாரிசு வந்து பூங்காவை விற்பார். தாலுகா அலுவலகத்தில் உட்பிரிவு செய்து, பட்டாவை உள்ளாட்சியின் பெயருக்கு மாற்றி, அந்த ஆணையின் நகலை முதல் மனைக் கிரயம் ஆவதற்குள் கையில் வாங்கிவிடுங்கள். ஒரு நகல் எனக்கும் வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் கடைசித் தவணைக் கூலிக்கு ரசீது போடுவேன்.