ஜெயிலைக் கலைக்கும் முன் மவுண்ட்டைப் பாருங்கள்

என் வீட்டு சர்வரில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். அதில் ஏழு ஜெயில்கள், அதாவது ஒரே மெஷினுக்குள் தனித்தனியாக அடைத்து வைத்த சிறு அமைப்புகள்: மெயிலுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று, மற்றவை சில்லறை வேலைகளுக்கு. பழைய ஒண்டுக்குடித்தன வீடு மாதிரிதான் இந்த ஏற்பாடு. ஆளுக்கொரு போர்ஷன், ஆளுக்கொரு பூட்டு, ஆனால் கிணறு ஒன்றே. அந்தக் கிணறுதான் கெர்னல், இயங்குதளத்தின் மையக்கரு. உள்ளே இருப்பவர் ரூட்டாகவே (முழு அதிகாரமுள்ள பயனராகவே) இருந்தாலும் அவர் போர்ஷனோடு சரி. 2000-ல் 4.0 பதிப்போடு வந்த வசதி இது. எழுதியவர் போல்-ஹென்னிங் காம்ப்.

ஒவ்வொரு ஜெயிலையும் முதலிலிருந்து கட்டாதீர்கள். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் ஒரு டேட்டாசெட் (தனிப் பகுதி) உருவாக்கி, இயங்குதளத்தின் பேஸ் தொகுப்பை அதில் விரித்து, பெயர்த் தேடலுக்கான ரிசால்வ்.கான்ஃப் கோப்பை நகலெடுத்து, அப்டேட் எல்லாம் முடித்து, ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் உறைந்த நிலை) எடுத்து வையுங்கள். புது ஜெயில் வேண்டும்போது அதை க்ளோன் செய்தால் போதும், கண் இமைக்கும் நேரம்தான். க்ளோன் இருக்கும்வரை மூல ஸ்னாப்ஷாட்டை அழிக்க முடியாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அப்புறம் ஜெயில்களின் அமைப்புக் கோப்பான ஜெயில்.கான்ஃப். பாதை, ஹோஸ்ட்நேம், ஐபி, தொடங்கவும் நிறுத்தவும் ஓட வேண்டிய ஆர்சி ஸ்கிரிப்டுகள், டெவ்எஃப்எஸ் மவுண்ட், அதாவது சாதனக் கோப்புகளை உள்ளே இணைப்பது. இவ்வளவுதான். ஹோஸ்ட்டின் (வெளி மெஷினின்) ஆர்சி.கான்ஃபில் ஜெயில் எனேபிள் வரியைச் சேர்த்துவிட்டு சர்வீஸ் கட்டளையால் கிளப்பலாம். ஓடுகிறதா என்று பார்க்க ஜேஎல்எஸ், உள்ளே போக ஜெக்ஸெக்.

முதல் நாளில் எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. உள்ளிருந்து பிங் (இணைப்புச் சோதனை) போகாது. நெட் போச்சு என்று நான் ஒரு மணி நேரம் ஃபயர்வாலைக் குடைந்தேன். பிங்குக்குத் தேவையான ரா சாக்கெட்டுக்கு ஜெயிலில் இயல்பாக அனுமதி கிடையாது, அவ்வளவுதான் விஷயம். இன்னொன்று இதைவிட வேடிக்கை. ஜெயிலின் ஐபிக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) போட்டால் வெளி மெஷினுக்குள் போய் நிற்பீர்கள். வெளியே ஓடும் எஸ்எஸ்எச்டி, அதாவது எஸ்எஸ்எச் அழைப்பை ஏற்கும் நிரல், எல்லா ஐபியிலும் காது வைத்திருப்பதுதான் காரணம். அதை ஹோஸ்ட்டின் சொந்த ஐபியில் மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

பதிப்பு உயர்த்தும்போது ஹோஸ்ட் முதலில், ஜெயில்கள் பிறகு. ஜெயிலுக்குள் இருக்கும் நிரல்கள் கெர்னலைவிடப் புதிதாக இருக்கக் கூடாது.

இனி கலைப்பது. இங்கேதான் கையைச் சுட்டுக்கொண்டேன். குடும்பப் போட்டோக்கள் இருக்கும் அடைவை நல்எஃப்எஸ் (ஒரு அடைவை வேறிடத்திலும் காட்டும் வசதி) மூலம் ஒரு ஜெயிலுக்குள் மவுண்ட் செய்திருந்தேன். ஜெயில்.கான்ஃபில் எழுதாமல், அவசரத்துக்குக் கையால் போட்ட மவுண்ட் அது. சில மாதம் கழித்து ஜெயிலை நிறுத்தினேன். கையால் போட்டது தானாகக் கழலுமா? அது பாட்டுக்கு அங்கேயே இருந்தது. ஜெயிலின் அடைவின் மேல் ஆர்எம் ஆர்எஃப், அதாவது உள்ளிருப்பதையெல்லாம் கேட்காமல் அழிக்கும் கட்டளை, அடித்தேன். திரையில் லிப்சி என்ற அடிப்படை நூலகக் கோப்பை அழிக்க அனுமதி இல்லை என்று வந்தது. அது சாதாரணம்தான்; அதற்கு எஸ்சிஎச்ஜி என்ற மாற்றத் தடைக் கொடி உண்டு, சிஎச்ஃப்ளாக்ஸ் கட்டளை கொண்டு எடுக்க வேண்டும். அந்தக் கொடியை எடுத்துவிட்டு மறுபடி அழிக்கலாம் என்று அமர்ந்தபோதுதான் போட்டோ அடைவு காலியாகக் கிடப்பது கண்ணில் பட்டது. போட்டோ ஒன்றுகூட இல்லை.

முந்தைய இரவு எடுத்த ஸ்னாப்ஷாட் இருந்ததால் வீட்டில் தலை தப்பியது.

அதிலிருந்து என் வரிசை இது: ஜெயிலை நிறுத்து, மவுண்ட் என்று அடித்துப் பட்டியலைப் பார், மிச்சம் இருந்தால் கழற்று, பிறகு டேட்டாசெட்டையே அழிக்கும் இசட்எஃப்எஸ் டெஸ்ட்ராய். உள்ளே ஏதாவது மவுண்ட் ஆகியிருந்தால் அது ‘பிஸி’ என்று மறுத்துவிடும். அப்போது வற்புறுத்தும் கொடியைப் போடாதீர்கள். ஆர்எம்தான் வேண்டும் என்றால் எக்ஸ் கொடியோடு அடியுங்கள், மவுண்ட் எல்லையைத் தாண்டாது. போட்டோ அடைவு இப்போது ஜெயிலின் எஃப்ஸ்டாப் (மவுண்ட் பட்டியல்) கோப்பில் முறையாக இருக்கிறது, படிக்க மட்டும் அனுமதியோடு.