பையர்ன் டிக்கெட்: ஒரு நாளுக்கு ஒரு ஊர் போதும்

மியூனிக் வந்து வீடு, ஊர்ப்பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு வழியாக முடிந்ததும், சனி ஞாயிறில் எங்கே போகலாம் என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கார் வாங்கும்வரை காத்திருக்காதீர்கள். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலம் (ஜெர்மனில் பையர்ன்) முழுக்கச் சுற்ற பையர்ன் டிக்கெட் என்ற ஒரு நாள் ரயில் டிக்கெட் இருக்கிறது.

ஒரு டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம். முதல் ஆளுக்கு ஒரு விலை, கூட வரும் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கூடுதல். அதனால் ஆள் சேரச் சேரத் தலைக்கு ஆகும் செலவு குறையும். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் நள்ளிரவு 12 மணியிலிருந்தே செல்லும். எந்த நாளானாலும் மறுநாள் அதிகாலை 3 மணி வரை கணக்கு. வீட்டுப் பக்கத்து டிராம், உ-பான் (சுரங்க ரயில்), எஸ்-பான் (புறநகர் ரயில்), பஸ் எல்லாம் இதிலேயே அடக்கம். போகிற எல்லோருடைய பெயரும் டிக்கெட்டில் இருக்க வேண்டும், அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஐசிஇ, ஐசி, இசி என்ற நெடுந்தூர விரைவு ரயில்களில் இது செல்லாது. ரயில் ஆப்பில் தேடும்போது வேகமான ரயில்தான் முதலில் கண்ணில் படும். அதில் ஏறிவிட்டால் டிக்கெட் இல்லாத பயணம்தான். அபராதம் 60 யூரோவிலிருந்து தொடங்கும். தேடும் முன்பே வட்டார ரயில்கள் மட்டும் என்ற தேர்வைப் போட்டுவிடுங்கள்.

உங்களிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் (ஜெர்மனி முழுக்க வட்டார ரயில், பஸ்களில் செல்லும் மாதாந்திர டிக்கெட், 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ) உங்களுக்கு இது தேவையில்லை. பெற்றோர் இருவருக்கும் மட்டும் ஒரு பையர்ன் டிக்கெட் எடுத்தால் சரி.

நாள் முழுக்கச் செல்லும் டிக்கெட் கையில் இருந்தால், மூன்று ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று மனம் பரபரக்கும். வேண்டாம். பாதி நாள் பிளாட்பாரத்தில் போய்விடும், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது நாய்ஷ்வான்ஷ்டைன் கோட்டை. இரண்டாம் லூட்விக் மன்னர் 1869இல் கட்டத் தொடங்கி, முடியாமலே 1886இல் இறந்துபோனார். மியூனிக்கிலிருந்து ஃபுசென் வரை ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், அங்கிருந்து பஸ். கோட்டைக்குள் போகத் தனி டிக்கெட். அதில் உங்கள் நுழைவு நேரம் அச்சிட்டிருக்கும், தவறவிட்டால் பணம் போனதுதான். ஆகவே அதை முன்கூட்டியே வாங்குங்கள், மதியத்துக்குப் பிந்தைய நேரமாகப் பாருங்கள். அடிவாரத்திலிருந்து ஏற்றம் நடக்க அரை மணிக்கு மேல் ஆகும். உள்ளேயும் படிகள் நிறைய. முழங்கால் வலி உள்ளவர்களை அங்கே கூட்டிப் போகும் முன் நன்றாக யோசியுங்கள். மலைமேல் போகும் சிறு பஸ்ஸும் பனி உறைந்த நாட்களில் ஓடாது.

அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது ரேகன்ஸ்பர்க். ஒன்றரை மணி நேரம், ரயில் மாறத் தேவையில்லை. நிலையத்திலிருந்து பழைய ஊருக்குள் சமதளமாக நடந்தே போகலாம். டான்யூப் மேல் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கல் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்க்கலாம். இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயணிக்கத் தயார் என்றால் பாசாவ். டான்யூப், இன், இல்ஸ் மூன்றும் சேரும் முக்கூடல் அது. இல்ஸ் கறுப்பாக வரும், இன் வெளிர்பச்சையாக வரும். கலக்கும் இடத்தில் நிறம் பிரிந்தே தெரியும். பவானி கூடுதுறை பார்த்தவர்களுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

ஏரி பார்க்க டேகர்ன்சே போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ரயில் ஹோல்ட்ஸ்கிர்ஷெனில் ஒருமுறை, ஷாஃப்ட்லாக்கில் இன்னொரு முறை பிரியும். ஒவ்வொரு பகுதியும் வேறு ஊருக்குப் போகும். பெட்டியின் பக்கவாட்டில் ஒளிரும் ஊர்ப்பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள். கூட்டத்தில் குடும்பத்தில் பாதி ஒரு பகுதியிலும் மீதி இன்னொன்றிலும் ஏறிவிட்டால் அப்புறம் போனில்தான் தேட வேண்டும்.

டிக்கெட் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைகூடச் செல்லும். திரும்பும்போது எல்லையில் போலீஸ் சோதனை இருக்கலாம். பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் அசலாக எடுத்துப் போங்கள்.

கிளம்புவதற்கு முந்தின இரவு ஆப்பில் மறுபடி பாருங்கள். தண்டவாள வேலை வார இறுதியில்தான் அதிகம் நடக்கும். எஸ்இவி என்று போட்டிருந்தால் அந்தத் துண்டுக்கு ரயிலுக்குப் பதில் பஸ். திரும்பி வரக் கடைசி ரயிலை நம்பாமல், அதற்கு முந்தையதைக் குறித்துவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால், புளியோதரையும் தண்ணீரும் வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள்.